பின்தங்கியவருக்கு உதவி

முதலில் ஒரு விடுகதை. முந்துகிறவன் கையைத் தட்டிவிடும். பிந்துகிறவன் கையைப் பிடித்துக்கொள்ளும். தட்டியதும் தெரியாது, பிடித்ததும் தெரியாது. அது என்ன?

விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள். தெரியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். இந்தக் கதையில் வரும் சீடருக்கும் ஒன்பது நாள் அது தெரியாமல்தான் இருந்தது.

சீடருக்கு வயது நாற்பத்தொன்று. பெயர் செலஸ்டின். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. ஆசிரியருக்கு வயது பன்னிரண்டு. பெயர் பிரிசில்லா. தூத்துக்குடியில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு.

செலஸ்டினின் மனைவி ஜெசிந்தா மார்ச் மாதம் இறந்துபோனாள். அப்போது அவருடைய கப்பல் நடுக்கடலில் இருந்தது. அவர் வீடு வந்து சேர்ந்தது ஜூனில்.

மகன் ஆல்ட்ரினுக்கு ஒன்பது வயது. சித்தி வந்து தங்கி அவனைப் பார்த்துக்கொண்டாள். அப்பா ஏதாவது கேட்டால் ஆமாம் என்பான், இல்லை என்பான். அதற்கு மேல் பேச மாட்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து கூடைப்பந்து வீடியோ கேம் ஆடுவான். பக்கத்துக்கு இரண்டு ஆட்கள். நடுவர் கிடையாது. ஆட்கள் வீட்டுக்கூரை உயரத்துக்கு எம்பிப் பந்தைப் போடுவார்கள்.

ஒரு நாள் செலஸ்டின் இன்னொரு ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

மகன் அறுபது. அப்பா எட்டு.

"இது எனக்கு ஒத்துவராது" என்று ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார்.

வாசலில் நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்தக் கால் மணி நேரமும் மகனின் தோள் அவர் கையில் உரசிக்கொண்டு இருந்தது. அவர் ஊர் வந்ததிலிருந்து அவன் அவ்வளவு அருகில் வந்ததில்லை. திரும்பக் கப்பல் ஏறுவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலை பிரிசில்லா வீட்டுக்குப் போனார். பள்ளிக்கூடம் கிளம்பச் சடை பின்னிக்கொண்டு நின்றாள்.

"ஆல்ட்ரினுக்கு அந்த கேமைச் சொல்லிக்கொடுத்தது நீதானாமே. எனக்கும் சொல்லிக்கொடு."

"உங்களுக்கா மாமா?"

"ஏன், எனக்கு வராதா?"

"அறுபதுக்கு எட்டுன்னு சொன்னான். அந்த எட்டு எப்படி வந்துச்சுன்னுதான் யோசிக்கேன்."

சாயங்காலம் பாடம் தொடங்கியது.

"பட்டனைப் பிழியாதீங்க மாமா. துணியா அது?"

"சரி."

"ஆள் மேலே போறப்ப விடாதீங்க. கீழே வாரப்பவும் விடாதீங்க."

"பின்ன எப்ப விட?"

"உச்சியில கண் சிமிட்டுற நேரம் நிப்பான். அப்ப விடணும்."

எதிராளி இல்லாமல், ஒரே இடத்திலிருந்து ஐம்பது முறை பந்தைப் போடச் சொன்னாள். போட்டார்.

"பதினொண்ணு விழுந்துச்சு, டீச்சர்."

"விழுந்ததை யாரு கேட்டா? விரல் எப்ப விட்டுச்சுன்னு பாருங்க. இன்னொரு ஐம்பது."

தினமும் அவள் வீட்டில் ஐம்பது, ஐம்பதாகப் போட்டார். அங்கிருந்து வந்து மகனோடு ஆடினார். மூன்றாம் நாள் ஐம்பத்திரண்டுக்கு நாற்பது. ஐந்தாம் நாள் நாற்பத்தெட்டுக்கு நாற்பத்து நான்கு. ஆட்டம் முடிந்ததும் ஆல்ட்ரின் திரும்பிப் பார்த்து, "இன்னொண்ணு?" என்றான். அவனாகக் கேட்ட முதல் கேள்வி அது. எட்டாம் நாள் அப்பா ஒரே ஒரு கூடையில் தோற்றார்.

ஒன்பதாம் நாள் ஆசிரியரிடம் போய்ச் சொன்னார்:

"தேறிட்டேன் டீச்சர். நாளைக்கு அவனை ஜெயிச்சுருவேன்."

பிரிசில்லா ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். "என்கூட ஒண்ணு ஆடுங்க."

அவள் ஐம்பது. அவர் பதினாலு.

செலஸ்டின் தன் விரல்களைப் பார்த்தார். "வீட்டுல இப்படி இல்லையே."

"அவன் போடுற பந்து வளையத்துல பட்டு வெளிய வருதா?"

"அடிக்கடி. பாவம், கடைசி நேரத்துல அவனுக்கு ஒண்ணுமே விழ மாட்டேங்குது."

"நீங்க போடுறது?"

"பாதி மைதானத்துல இருந்துகூட விழுது."

பிரிசில்லா சிரிக்கவில்லை. செட்டிங்ஸைத் திறந்தாள். வரிசையாகப் பல வரிகள். கடைசிக்கு முந்தின வரியில், பின்தங்கியவருக்கு உதவி என்று இருந்தது. அதற்கு நேரே, இல்லை என்று இருந்தது. அதை ஆம் என்று மாற்றினாள்.

"இப்ப ஆடுங்க."

அவள் நாற்பத்து நான்கு. அவர் நாற்பத்திரண்டு. விரல் அதே விரல்தான்.

"இதைப் போட்டா முன்னால இருக்கவங்க பந்து வெளிய போகும். பின்னால இருக்கவங்க பந்து உள்ள போகும்" என்றாள்.

"அதுவா வந்துருமா?"

"வராது. யாராவது போய்ப் போடணும். முதல் நாள் நீங்க ஆடினப்ப இது இல்ல."

"அவனுக்கு இது தெரியுமா?"

"ஜெசிந்தா அத்தை ஆடுறப்ப போடுவான். கடைசில அத்தைக்கு விரல் மடங்கல. தோத்துக்கிட்டே இருந்தா போதும்னு படுத்துருவாங்கன்னு போட்டான். அவங்க போனப்புறம் எடுத்துட்டான்."

செலஸ்டின் தன் விரல்களை மடக்கி நீட்டினார்.

"எனக்கு விரல் நல்லாத்தான இருக்கு. எனக்கு எதுக்குப் போடுதான்?"

"நீங்க எழுந்து போயிட்டீங்களாம்."

அடுத்த வீட்டிலிருந்து கேமின் சத்தம் கேட்டது. ஆல்ட்ரின் தனியாக ஆடிக்கொண்டிருந்தான்.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"ஐம்பது போடுங்க. அதே இடத்துல இருந்து."

"மூணு நாள்ல தேறிருவேனா?"

"தேற மாட்டீங்க மாமா."

"பின்ன எதுக்கு?"

"உக்காந்து பழகத்தான்."

ஐம்பது போட்டார். பிறகு இன்னொரு ஐம்பது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்தார். ஆல்ட்ரின் டிவியைப் போடாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"எத்தனை மாசம்?"

"ஒன்பது."

அவன் தலையாட்டினான். செலஸ்டின் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த உதவியை எடுத்துரு" என்றார்.

யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. "தோத்துருவீங்க."

"தெரியும்."

"ரொம்பத் தோப்பீங்க."

"சரி."

ஆல்ட்ரின் உதவியை எடுத்தான். ஆட்டம் தொடங்கியது. செலஸ்டின் பட்டனைப் பிழியவில்லை. ஆள் உச்சிக்குப் போகும்வரை பொறுத்தார். சில விழுந்தன. பல விழவில்லை. ஆல்ட்ரின் போட்ட எதுவும் வளையத்தில் பட்டு வெளியே வரவில்லை. இடையில் ஒரு முறை ஆட்டத்தை நிறுத்தி அப்பா முகத்தைப் பார்த்தான். "ஆடு" என்றார் அவர். ஆடினான்.

மகன் ஐம்பத்தாறு. அப்பா பதினாறு.

ஆல்ட்ரின் டிவியைப் பார்க்கவில்லை. அப்பாவின் கால்களைப் பார்த்தான். செலஸ்டின் கால் இரண்டையும் மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். ஜாய்ஸ்டிக் அவர் மடியில் கிடந்தது.

"காபி ஆறுது" என்று அடுப்படியிலிருந்து சித்தி குரல் கொடுத்தாள். "வண்டி ஏழு மணிக்கு வந்துரும், அத்தான்."

"இன்னொண்ணு?" என்றார் செலஸ்டின் மகனிடம்.

அவன் செட்டிங்ஸைத் திறந்தான். கடைசிக்கு முந்தின வரிக்கு வந்தான். ஆம் என்று மாற்றினான். அப்பாவைப் பார்த்தான். அவர் மடியில் கிடந்த ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தார்.

திரும்பவும் இல்லை என்று மாற்றி, ஆட்டத்தைத் தொடங்கினான்.