நாணயவாசலுக்கு எந்த வழி?

“அம்மா, எது நிஜம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டார் பொன்னுரங்கம்.

சேர்வராயன் மலைச் சரிவில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்தத் தியான இல்லத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. கையில் லேப்டாப்போடு வந்து கேட்டவர் இவர்தான்.

நித்திலா சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அங்கே அவர்தான் குரு. வயது முப்பத்தாறு. துறவுக்கு வருவதற்கு முன் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

பொன்னுரங்கத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சீடராக வந்த நாளிலிருந்து இல்லத்தின் வரவு செலவு அவர் பொறுப்பு.

“எதைப் பத்திக் கேட்கிறீங்க ஐயா?”

“இந்த வெப்சைட்டைப் பத்தி.”

நித்திலா சிரித்தார். “உட்காருங்க.”

அவர் எதிரே உட்கார்ந்து லேப்டாப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

சங்கதி இதுதான். இல்லத்தில் முன்பு ஒரு வருடம் தங்கியிருந்த சந்திரலேகா இப்போது நெதர்லாந்தில் நர்ஸாக இருந்தாள். மலைமேல் இருக்கும் செம்பூத்துக்காடு என்ற கிராமத்துக்கு ஒரு ஜீப் வாங்க அவள் பிட்காயினாகப் பணம் அனுப்பியிருந்தாள். அது பொன்னுரங்கத்தின் போனில் இருந்தது. ரூபாயாக மாற்ற வேண்டும். பிட்காயினை வாங்கி விற்கும் ‘நாணயவாசல்’ என்ற எக்ஸ்சேஞ்சில் விற்கலாம் என்று அவள் போனில் சொல்லியிருந்தாள்.

பொன்னுரங்கம் அந்தப் பெயரை இணையத்தில் தேடினார். முதலில் வந்ததைத் திறந்தார். கணக்கு ஆரம்பித்தார். எந்த முகவரிக்கு பிட்காயினை அனுப்ப வேண்டும் என்று அந்தப் பக்கம் காட்டியது. போனில் ‘அனுப்பு’ என்பதை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

“அழுத்தறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன்.”

“என்னென்ன பார்த்தீங்க?”

“எல்லாம் பார்த்துட்டேம்மா. படம், பேரு எல்லாம் சுத்தமா இருக்கு. தமிழ்லயே இருக்கு. ஆயிரக்கணக்கான பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க. உதவி மையத்துக்குப் போன் பண்ணினேன், ஒரே ரிங்குல எடுத்தாங்க. ஒரு பையன் பேசினான். அவ்வளவு மரியாதை!”

“அந்த நம்பர் எங்க கிடைச்சுது?”

“இந்தப் பக்கத்துலதான் போட்டிருந்தாங்க.”

நித்திலா இரண்டு அவரைக்காய்களை நறுக்கினார். பிறகு நிமிர்ந்தார்.

“பொன்னுரங்கம்னு ஒருத்தர் இருக்காரே, அவர் நல்லவரா?”

அவருக்குச் சற்றுக் கோபம் வந்தது. “இங்க யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்கம்மா.”

“யாரையும் கேட்க வேண்டாம். உங்களையே கேட்கிறேன்.”

“நல்லவன்தான்.”

“சரி, அப்ப சந்தேகமே இல்லை.”

பொன்னுரங்கம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அவர் போனைத் தரையில் வைத்தார். ஆனாலும் பேச்சை விடவில்லை.

“பூட்டு இருக்கேம்மா. வெப்சைட் முகவரிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பூட்டு. அது இருந்தா பத்திரம்னு பேங்க்லயே சொன்னாங்க.”

நித்திலா எழுந்து போய்க் கூடத்தின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இப்ப நாம பேசறது வெளியில யாருக்கும் கேட்காது.”

“கேட்காது.”

“அதனால நான் யோக்கியமானவள்னு ஆயிடுமா?”

வெளியே யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். சமையல்காரர் குரல். “அம்மா, காய் ஆச்சா?” நித்திலா போய்த் தாழ்ப்பாளைத் திறந்து, நறுக்கியதை மட்டும் கொடுத்தனுப்பினார்.

“அந்த வெப்சைட் முகவரியைச் சத்தமா படிங்க” என்றார், திரும்பி வந்து.

“நாணயவாசல்...”

“கடைசியிலேருந்து.”

“கடைசியிலேருந்தா?”

“ஆமா. வலது பக்கத்திலேருந்து இடது பக்கமா வாங்க. ஒவ்வொரு புள்ளியிலயும் நிறுத்துங்க.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “கடைசியில ‘ஆன்லைன்’னு இருக்கு. அதுக்கு முன்னால ஒரு புள்ளி. அதுக்கு முன்னால... ‘விரைவு உதவி சேவை’ன்னு இங்கிலீஷ்ல சேர்த்து எழுதியிருக்கு. அப்புறம் ஒரு புள்ளி. அதுக்கும் முன்னாலதான் நாணயவாசல்.”

“அந்தக் கடைசி ரெண்டும்தான் இடத்துக்குச் சொந்தக்காரன் பேரு. அதுக்கு முன்னால சொந்தக்காரன் இஷ்டத்துக்கு என்ன வேணும்னாலும் எழுதிக்கலாம்.”

“அப்ப இது...”

“விரைவு உதவி சேவைங்கிற யாரோ ஒருத்தர் வீடு. அவர் தன் வாசல்ல நாணயவாசல்னு போர்டு மாட்டியிருக்கார். ஏன் மாட்டினார்னு எனக்குத் தெரியாது.”



அப்போது தரையில் இருந்த போன் அடித்தது. அதே உதவி மையம். நித்திலா தலையசைத்தார். பொன்னுரங்கம் ஸ்பீக்கரில் போட்டார்.

“வணக்கம் ஐயா, சாப்பிட்டீங்களா?” என்றது ஓர் இளமையான குரல். “நீங்க இன்னும் அனுப்பலையே. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பலைன்னா உங்க கணக்கு முடங்கிடும். நல்ல காரியத்துக்குன்னு சொன்னீங்க, அதான் ஞாபகப்படுத்தலாம்னு.”

“ஒரு நிமிஷம் தம்பி.”

போனைக் கையால் பொத்திக்கொண்டு பொன்னுரங்கம் குருவைப் பார்த்தார்.

“ஒருவேளை உண்மையா இருந்துட்டா? மழை வரப்போகுது அம்மா. போன மழையில செம்பூத்துக்காட்டுலேருந்து சடைச்சியைப் பிரசவத்துக்குக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வந்தோம். கட்டிலோட முன்பக்கக் காலைப் பிடிச்சிருந்தது நான். பாதி வழியில குழந்தை பிறந்துடுச்சு. அழவே இல்லை. அந்த முகம் இன்னும் என் கண்ணுல நிக்குது. இந்த வருஷமும் அதே மாதிரி ஒருத்தியைத் தூக்க என்னால ஆகாது.”

நித்திலா கத்தியைக் கீழே வைத்தார்.

“அதனால?”

“அதனால... இது நிஜமா இருக்கணும்.”

சொல்லி முடித்ததும் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். போனுக்குள்ளிருந்து “ஐயா, ஐயா” என்ற குரல் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.



பொன்னுரங்கம் போனிலிருந்து கையை எடுத்தார்.

“தம்பி, நீ கூப்பிட்ட வழியில நான் வரலை. விசாரிச்சுக்கிட்டு என் வழியில வர்றேன். ரெண்டு நாள் ஆகும். பரவாயில்லையா?”

“என்ன விசாரணை? நாங்க என்ன திருடனுங்களா?”

“நான் அப்படிச் சொல்லலையே தம்பி.”

அந்தக் குரல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னது. இணைப்பு அறுந்தது.

பொன்னுரங்கம் அந்தப் பக்கத்தை மூடினார். அன்று மதியமே சைபர் குற்றப் பிரிவுக்குப் புகாரும் கொடுத்தார்.

சந்திரலேகாவின் நம்பர் முன்பிருந்தே அவரிடம் இருந்தது. அதில் அவளைக் கூப்பிட்டார். நாணயவாசலின் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார்.

“அன்னைக்கே கேட்டிருக்கலாமே ஐயா?” என்றாள் அவள்.

“இதுகூடத் தெரியலையான்னு நினைச்சுக்குவியோன்னு கூச்சமா இருந்துச்சும்மா.”

அவள் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. அரசிடம் பதிவு செய்த நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார். முகவரியைத் தானே தட்டச்சு செய்தார். புள்ளி புள்ளியாக, கடைசியிலிருந்து படித்தார்.

உண்மையான நாணயவாசல் அவரைப் படாதபாடு படுத்தியது. பான் கார்டு கேட்டது. முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னது. படம் மங்கலாக இருக்கிறது, மறுபடி அனுப்பு என்றது. போன் செய்தால் யாரும் எடுக்கவில்லை.

“அந்தத் திருட்டுப் பையன் எவ்வளவு மரியாதையாப் பேசினான்!” என்று அவர் சலித்துக்கொண்டார்.

கணக்கு திறந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பப் போனவரை நித்திலா நிறுத்தினார்.

“கொஞ்சம் போடுங்க. அதை வித்து, பணத்தை பேங்குக்குக் கொண்டுவாங்க.”

“எதுக்கும்மா? போடறதுக்குச் சுலபமாத்தான் இருக்கு.”

“உள்ள போறது எல்லா இடத்துலயும் சுலபம்தான் ஐயா.”

கொஞ்சம் போட்டார். விற்றார். வங்கிக்குப் பணம் வந்தது. அதன் பிறகே மீதியை அனுப்பினார்.

இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முதல் மழைக்கு ஜீப் வந்து சேரவில்லை. ஒரு வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை. மலைமேலிருந்து யார் இறங்கி வந்தாலும் ஓடிப்போய், “அங்க எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று கேட்பார். நல்லாத்தான் இருந்தார்கள்.

பிறகு ஒரு காலையில் சக்கரம் முழுக்கச் சேற்றோடு ஜீப் வந்து நின்றது. செம்பூத்துக்காட்டு ஆட்கள் சுற்றிலும் கூடிவிட்டார்கள். சடைச்சியும் வந்தாள். பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நீளமான இருக்கையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

எல்லாரும் கலைந்த பிறகு பொன்னுரங்கம் குருவின் அருகில் வந்து நின்றார்.

“ரொம்ப நாளா ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன்.”

“கேளுங்க.”

“அந்த சைட் போலின்னு அன்னைக்கு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது? பார்த்த உடனேயேவா?”

“நான் அதைப் பார்க்கவே இல்லையே.”

“என்னம்மா சொல்றீங்க? அவ்வளவு நேரம் எதிர்ல உட்கார்ந்திருந்தீங்களே?”

“திரை உங்க பக்கம் இருந்துச்சு.”

“பின்னே எதைப் பார்த்துட்டு இருந்தீங்க?”

“உங்களைத்தான்” என்றார் நித்திலா.