பூசாமல் விட்ட ஒரு முழம்

யெகீயேல் வீடு கட்டி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. சுவர்களை மட்டும் அவன் பூசவே இல்லை. போருக்குப் பின் அவன் குடியேறிய அந்தத் துறைமுக ஊரில் அவனைப்போல் கைதேர்ந்த கொத்தனார் கிடையாது. ஊரார் வீட்டுச் சுவர்களையெல்லாம் வழவழவென்று பூசிக் கொடுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வந்து வெறும் செங்கலுக்குள் படுத்துக்கொள்வான்.

செங்கல் இடுக்குகளில் ஈரம் இறங்கியது. கைக்குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. மனைவி ஃப்ரூமா சண்டை போட்டுப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அடுத்த மழைக்குள் சுவர் பூசாவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்றாள். சொன்ன கையோடு யூத மதகுருவான ரபி மெனாஷேயிடம் போய் முறையிட்டாள். யெகீயேலுக்கு வேதம் கற்றுக்கொடுத்தவர் அவர்.

ரபி அவனுக்கு ஆள் அனுப்பவில்லை. மறுநாள் காலை தாமே வந்து நின்றார்.

"ஏன் பூசவில்லை?"

"எருசலேம் ஆலயம் இடிந்ததை மறக்காமலிருக்க, நம் வீட்டில் வாசலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு முழச் சதுரம் பூசாமல் விட வேண்டும். நீங்கள்தானே கற்றுக்கொடுத்தீர்கள்?"

"ஆமாம்."

"நான் பார்த்தே இராத ஆலயத்துக்கு ஒரு முழம். அப்படியானால் நம் ஊர் ஜெபாலயத்துக்கு எவ்வளவு விட வேண்டும், ரபி?"

இருவரும் ஒரே ஊர்க்காரர்கள். போலந்தில் வெல்கோவா என்ற சிற்றூர்.

அங்கே இருந்த ஜெபாலயம் வெளியிலிருந்து பார்த்தால் குட்டையான கட்டடம். கிறிஸ்தவ தேவாலயத்தைவிட அது உயரக் கூடாது என்று அந்தக் காலத்துப் பிரபு உத்தரவு போட்டிருந்தான். மேலே போகத்தானே தடை என்று முன்னோர்கள் தரையைத் தோண்டினார்கள். படியிறங்கி உள்ளே போனால்தான் அதன் உயரம் தெரியும். நான்கு தூண்களுக்கு நடுவே வேதம் வாசிக்கும் மேடை. அண்ணாந்து பார்த்தால் நீலம் பூசிய மரக்கூரை.

கடைசியாக அதன் சுவர்களைப் பூசியவன் யெகீயேல்தான். போர்க்காலத்தில் ஒருநாள் படைவீரர்கள் ஊராரை உள்ளே தள்ளி, கதவைப் பூட்டித் தீ வைத்தார்கள். அன்று அவன் வேறு ஊரில் கூலிக்குப் பூசிக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மாவும் தம்பிகளும் உள்ளே இருந்தார்கள். ரபியின் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்கு முன்பே சிறைக்குக் கொண்டுபோகப்பட்டதால் ரபி பிழைத்தார். அதைப் பிழைத்தது என்று சொல்லலாமென்றால்.

ரபி அங்கியின் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். மூலையில் கிடந்த சுண்ணாம்பையும் மணலையும் தாமே குழைத்தார். கொத்துக்கரண்டியை எடுத்துச் சுவரில் அப்பத் தொடங்கினார். புத்தகம் மட்டுமே பிடித்துப் பழகிய கை. பூச்சு மேடும் பள்ளமுமாக வந்தது. பாதி தரையில் விழுந்தது, கொஞ்சம் தாடியில் ஒட்டிக்கொண்டது.

யெகீயேல் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். தொழில் தெரிந்தவனால் எவ்வளவு நேரம்தான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"கொடுங்கள்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டான்.

ரபி குழைத்துக் கொடுத்தார், அவன் பூசினான். பூசிக்கொண்டே அழுதான். ரபி அவனைத் தேற்றவில்லை. ஃப்ரூமா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். இடையிடையே குழந்தை இருமுவது மட்டும் கேட்டது.

சாயங்காலம் எதிர்ச் சுவரில் ஒரு முழச் சதுரம் மிஞ்சியது. அங்கே அவன் கை நின்றது.

"இது எருசலேமுக்கு," என்றான். "நம்மவர்களுக்கு எங்கே?"

"இதிலேயேதான்."

"இந்த ஒரு முழத்திலா? அத்தனை பேருக்கும் எப்படி ரபி இடம் போதும்?"

ரபி கையிலிருந்த சுண்ணாம்பை அங்கியில் துடைத்துக்கொண்டார். அந்தச் செங்கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெருநாளில் நம் ஜெபாலயத்தில் எப்படி நின்றோம், நினைவிருக்கிறதா? குனிந்தால் முன்னால் நிற்பவன் முதுகில் நெற்றி இடிக்கும். அப்போதும் பிந்தி வந்தவனுக்கு நகர்ந்து இடம் கொடுத்தோமே. இப்போதும் நகர்ந்து கொடுப்பார்கள்."