தட்டான் குரலைத் திருப்பிக் கொடுத்த கதை

அந்தக் காலத்தில் பூச்சிகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. மழை வரும் செய்தியை மேகத்திடம் கேட்டு வந்து ஊருக்குச் சொல்வது தட்டானின் வேலை. சுலபமான வேலைதானே என்று நினைப்பீர்கள். எங்கள் ஊர் ஆட்களிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், தெரியும்!

ஒருநாள் சீனித்தாய் களத்தில் மிளகாயைக் காயப்போட்டிருந்தாள். ஒரு வருஷத்துப் பாடு அது. அதை விற்றுத்தான் மகளைப் பேறுகாலத்துக்கு அழைத்து வரவேண்டும். தட்டான் பறந்து வந்தது.

"சீனித்தாயி, மழை வருது. வத்தலை அள்ளு."

அள்ளினாளா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். "வெயில் இந்தப் போடு போடுது, மழையாம்ல! எப்ப வரும்னு கேட்டுட்டு வா."

தட்டான் மேகம் வரைக்கும் போய் வந்தது. "இப்பவே வருதாம்."

"தூறலா, பெருமழையா?"

மறுபடியும் போனது, வந்தது. மூச்சு வாங்கியது. "பெருமழைதான். அள்ளு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

"போன தடவையும் இப்படித்தான் சொன்னே. நான் அள்ளிக் கட்டினேன், மழை பக்கத்து ஊர்ல போய்ப் பெஞ்சுது. நம்ம களத்துலதான் பெய்யுமான்னு நல்லாக் கேட்டுட்டு வா."

அவள் காலடியில் இருந்த எறும்பு, தட்டானின் முதல் சொல்லிலேயே முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பிவிட்டது. அது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மூன்றாம் முறை தட்டான் பாதி வழி போவதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. சீனித்தாய் அங்கும் இங்கும் ஓடினாள். ஒரு கூடைகூடத் தேறவில்லை. எல்லாம் வாய்க்காலோடு போனது. இறக்கை நனைந்து, தரைக்கு ஒரு முழம் மேலே தள்ளாடி வந்த தட்டானைப் பார்த்து அழுதுகொண்டே கத்தினாள்.

"பாவி! சொன்னதுதான் சொன்னே, கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

தட்டானுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மழை விட்டதும் நேரே மேகத்திடம் போய், அது கொடுத்திருந்த குரலைத் திருப்பிக் கொடுத்தது. "இந்தா, நீயே வச்சுக்கோ. என்னால இவங்ககிட்ட மாரடிக்க முடியாது. இனி மழைக்கு முன்னால அவங்க முழங்கால் உயரத்துல, கண்ணெதிரேயே சுத்துவேன். பாக்குறவங்க பாக்கட்டும்."

அன்று முதல்தான் மழைக்கு முன் தட்டான் தரையை ஒட்டிப் பறக்கிறது, வாய் திறப்பதே இல்லை. நாமும் அதை நன்றாகப் பார்த்துவிட்டு, காய்கிற துணியை எடுக்காமல், வானத்தை அண்ணாந்து பார்த்து, "வருமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.