வானத்துல என்ன மதகு?

இதுல ஒரு வார்த்தை பொய்னாலும் எம் மீசைய ஒரு பக்கம் மட்டும் வழிச்சிருங்க.

எங்க சர்ச் ஸ்கூல் எஸ்தர் டீச்சர் பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டாவ. "வேதம் எழுதுன காலத்து எபிரேய சனங்க வானத்தைக் கெட்டியான கூரைன்னும், அதுக்கு மேல தண்ணி நிக்குதுன்னும் நினைச்சாங்க. அவங்களுக்குப் புரியுற மாதிரி எழுதியிருக்கு."

புகார் போயிட்டு. சபையக் கூட்டி விசாரிக்க வந்தாரு பெரிய பிரசங்கியார் சுவிசேஷமுத்து. "நோவா காலத்துல வானத்து மதகு திறந்துச்சுன்னு வேதம் சொல்லுது. எழுத்துக்கு எழுத்து நம்பாத டீச்சருக்கு இங்க வேலை இல்ல"ன்னுட்டாரு.

குளத்து மதகைத் திறந்து அடைக்கிற மாசிலாமணி மட்டும் பின்னாலருந்து எந்திரிச்சான். "ஐயா, மேல இருக்கது திருகு மதகா, பலகை மதகா? செத்துப் போனா அங்கயும் எனக்கு இதே வேலைதான் தருவாவ, அதான் கேக்கேன்."

சனம் சிரிச்சிட்டு. பிரசங்கியாருக்குப் பொசுக்குன்னு கோவம். "எபிரேயு படிச்சவன்ட்ட கேக்குற கேள்வியாடே இது? மூலத்துல மதகே கிடையாது, ஜன்னல்னுதான் இருக்கு. குளத்துத் தண்ணில பயிர் வைக்கிற உனக்குப் புரியணும்னு தமிழ்ல மதகுன்னு போட்டிருக்காவ."

"அப்ப மதகுன்னு போட்டது பொய்யாய்யா?"

"எப்படிப் பொய்யாகும்? கேக்குறவனுக்குத் தெரிஞ்சத வச்சுத்தான சொல்ல முடியும்?"

"டீச்சரும் அதத்தான சொன்னாவ"ன்னான் மாசிலாமணி. "ரெண்டு பேரையும் சேத்தே நிறுத்திருவமா, இல்ல ரெண்டு பேரும் இருக்கட்டுமா?"

பிரசங்கியார் கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு. அப்புறம் மெதுவா, "டீச்சர் இருக்கட்டும்"னாரு.

கதை முடிஞ்சிட்டு. சும்மா எந்திரிச்சுப் போனா எப்படி? இன்னைக்கு யார் வீட்டுல மீன் கொழம்பு, கையத் தூக்குங்க. தலைத் துண்டு எனக்கு.