தலையாட்டாத ஓணான்

அந்தக் காலத்தில் ஓணானின் கழுத்தில் சிவப்பு இல்லை. தலையும் ஒரு நிலையில் நின்றது. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் நன்றாகப் பேச்சு வந்த காலம் அது. பேச்சு வந்ததால் வம்பும் வந்தது.

ஒரு பெரிய கண்மாய். கோடையில் தண்ணீர் வற்றி நடுவில் ஒரு குட்டையாக ஒடுங்கிவிடும். குட்டையைச் சுற்றிப் புல் கிடக்கும் என்பதால் முயல், கீரி, ஆட்காட்டிக் குருவி, ஓணான் எல்லாம் கண்மாய்க்குள்ளேயே குடியிருந்தன. அவற்றுக்குள் வழக்குத் தீர்ப்பது உடும்பு. எல்லோரும் அதைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓணானுக்கு மட்டும் அது சொந்தப் பெரியம்மா.

உடும்பு இரண்டு சபை ஏற்படுத்தியிருந்தது. ஒன்று கூவல் சபை. ஆபத்து வந்தால் அந்தச் சபையில் யாராவது ஒருவர் கூவினால் போதும். ஏன், எதற்கு என்று கேட்காமல் எல்லோரும் கரையேறிவிட வேண்டும். இன்னொன்று தலையாட்டும் சபை. அடுத்தவர் முட்டையை யாரும் தொடக் கூடாது என்பது கண்மாயின் சட்டம். நல்ல காரியத்துக்காகத் தொடுவதென்றாலும் அந்தச் சபையில் இருக்கிற அத்தனை பேரும் சம்மதித்துத் தலையாட்ட வேண்டும். ஒரு தலை ஆடாவிட்டாலும் தொடக் கூடாது. இத்தனைக்கும் உடும்பே முட்டையைக் கண்டால் நாக்கை நீட்டுகிற பிறவிதான். "என் வாயை நானே நம்புறதில்ல. அதான் இம்புட்டுக் கட்டுப்பாடு" என்று சிரித்துக்கொண்டே சொல்லும்.

யாரை எந்தச் சபையில் போடுவது என்று உடும்பு நிறைய யோசித்தது. ஆட்காட்டிக்குக் கண் கூர்மை, ஆனால் பயந்த சுபாவம். பனையோலை சலசலத்தாலும் கத்தும். அதைக் கூவல் சபையில் போட்டது. ஓணானுக்கு முட்டை விஷயம் அத்தனையும் அத்துப்படி. எந்த மண்ணில் எவ்வளவு சூடு இருக்கும், எந்த முட்டையை எப்போது இடம் மாற்றலாம், எங்கே வைத்தால் கெட்டுப்போகும் என்று மண்ணில் வயிற்றை வைத்தே சொல்லிவிடும். அதை முயலோடும் கீரியோடும் தலையாட்டும் சபையில் உட்கார வைத்தது.

ஓணானுக்குப் பொறுக்கவில்லை. நேராக உடும்பின் வளைக்கே போய்விட்டது.

"என்ன பெரியம்மா, சொந்தக்காரனைக் கூட்டத்தோட கூட்டமா உட்கார வச்சிட்டீங்க. அந்த ஆட்காட்டிக்கு மட்டும் தனிச் சத்தமா?"

"கூவுற இடத்துல பயந்தவதான்டா இருக்கணும். பத்துத் தடவ சும்மா ஓடினாக் காலுதான் வலிக்கும். ஒரு தடவ ஓடாம நின்னுட்டா உசுரே போயிரும். முட்டை அப்படியில்ல. தொலைஞ்சா தொலைஞ்சதுதான். விஷயம் தெரிஞ்ச ஒருத்தன் ஒத்துக்காம அதுல யாரும் கை வைக்கக் கூடாது. அந்த ஒருத்தன் நீதான்."

"நான் தலையாட்டினா யாருக்குத் தெரியப்போகுது?"

"பொரிஞ்சு வர்ற குஞ்சுக்குத் தெரியும், போடா" என்றது உடும்பு.

குஞ்சுக்குத் தெரிந்து என்ன பயன்? ஓணானுக்கு ஊருக்குத் தெரிய வேண்டியிருந்தது. உடைமரத்து உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்காட்டி கத்தினால் கண்மாயே கலைந்து ஓடியது. ஒன்றுமில்லை என்று தெரிந்து திரும்பி வரும்போது யாரும் கோபிக்கவும் இல்லை. ஒருநாள் உண்மையாகவே நரி வந்தது. அன்றைக்கு முயல் தன் குட்டிகளை வரிசையாகக் கூட்டிவந்து, "அத்தைக்குக் கும்பிடு போடுங்க" என்றது. ஓணான் அதையும் மரத்தில் இருந்து பார்த்தது. குட்டி போடக் குழியை எங்கே தோண்டுவது என்று இதே முயல் ஒருநாள் தன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதே, அப்போது ஒரு கும்பிடு உண்டா? நினைக்க நினைக்கத் தொண்டைக்குள் எரிந்தது. எரிச்சல் மெல்ல வெளியே வந்து கழுத்தில் சிவப்பாகப் படிந்தது.

"என்னண்ணே, கழுத்துல?" என்று கீரி கேட்டது.

"வெயிலு" என்றது ஓணான்.

அந்தக் கோடையில் ஆட்காட்டி, கண்மாய்க்குள் ஓடை வந்து சேரும் இடத்தில், வெறுந்தரையில் சின்னப் பள்ளம் பறித்து நான்கு முட்டை இட்டது. அது முட்டையிட்டது அதுதான் முதல் தடவை. உச்சிவெயிலில் தன் நிழலை முட்டைகள் மேல் விழவைத்துக்கொண்டு நின்றபடியே இருக்கும்.

ஒரு பிற்பகல். கண்மாய்க்கு மேலே பொட்டு மேகம் இல்லை. ஆனால் மேற்கே மலையில் மழை கொட்டியிருக்கிறது. பறந்து வட்டமடித்த ஆட்காட்டி, ஓடையில் செந்தண்ணீர் புரண்டு வருவதைக் கண்டு கத்தியது. வழக்கம்போல எல்லோரும் கரையேறினார்கள். ஏறிய பிறகுதான் ஆட்காட்டி பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தது. முட்டைகள் ஏறவில்லையே. அதன் அலகில் முட்டையைத் தூக்க முடியாது.

உடும்பு கீழே ஓடியது. கீரியும் முயலும் பின்னால் ஓடின. ஓணானும் உடைமரத்தில் இருந்து இறங்கி வந்தது.

"நானும் கீரியும் வாயில கவ்விக் கரையேத்திருவோம். சீக்கிரம் தலையாட்டுங்க" என்றது உடும்பு.

கீரி ஆட்டியது. முயல் ஆட்டியது. எல்லோரும் ஓணானைப் பார்த்தார்கள்.

ஓணான் வயிற்றை மண்ணில் வைத்துப் பார்த்தது. மண் அதிர்ந்தது. வெள்ளம் வருவது உண்மை, முட்டைகளை உடனே எடுக்க வேண்டும் என்று அங்கே இருந்தவர்களில் அதற்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஆனால் எல்லோருடைய கண்ணும் தன் மேல் இருப்பது அதற்கு இதுதான் முதல் தடவை.

"அண்ணே, தலையாட்டுங்கண்ணே" என்றது ஆட்காட்டி.

"நீ கூவினா ஊரே கரையேறுதே. முட்டைகிட்டயும் கூவிப் பாரேன்."

கீரி பொறுக்காமல் முட்டைப் பக்கம் குனிந்தது. உடும்பு வாலைக் குறுக்கே போட்டுத் தடுத்தது. "வேணாம். இன்னைக்கு மீறினா நாளைக்கு உன் பசிக்கும் ஒரு காரணம் சொல்லுவ. நானும் சொல்லுவேன்." பிறகு ஓணான் பக்கம் திரும்பியது. "டேய், உன்னைக் கெஞ்சிக் கேக்குறேன்டா. ஆட்டுடா."

பெரியம்மா கெஞ்சுகிறது! ஓணானுக்கு உள்ளெல்லாம் இனித்தது. ஆட்டக் கூடாது என்று அது நினைக்கவே இல்லை. ஆட்காட்டி இன்னும் ஒரே ஒரு தடவை கேட்கட்டும், கேட்டதும் ஆட்டிவிடலாம் என்றுதான் இருந்தது.

ஆட்காட்டி கேட்கவில்லை. போய் முட்டைகள் மேல் உட்கார்ந்து இறக்கையை விரித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் ஓடை வாயில் தண்ணீர் வந்துவிட்டது. ஓணான் தலையாட்டியது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேலும் கீழும் வேகவேகமாக ஆட்டியது. "எடுங்க, எடுங்க, சம்மதம், எடுங்க!" உடும்பு பாய்ந்தது. அது கவ்வுவதற்குள் செந்தண்ணீர் பள்ளத்தை மூடிவிட்டது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்த பிறகுதான் ஆட்காட்டி எழும்பியது. மரத்தில் தொற்றிக்கொண்ட ஓணான் அப்போதும் தலையாட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளம் வடிந்ததும் உடும்பு இரண்டு சபையையும் கலைத்துவிட்டது. "சட்டமும் வேணாம், சபையும் வேணாம். அவங்கவங்க முட்டை அவங்கவங்க பாடு" என்று சொல்லிவிட்டு வளைக்குள் போனது. கீரி மறுநாளே யாரையும் கேட்காமல் ஒரு கூட்டில் தலையை விட்டது.

ஆட்காட்டி உடைமரத்தடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தது. ஓணான் அதைக் கண்டதும் தலையாட்டியது. இன்னும் வேகமாக ஆட்டியது.

"இப்ப நான் ஒண்ணும் கேக்கலையேண்ணே" என்று சொல்லிவிட்டு ஆட்காட்டி பறந்து போனது.

அன்று முதல்தான், தன் முட்டைப் பக்கம் யார் வந்தாலும் ஆட்காட்டி தனியாகவே கத்தித் தீர்க்கிறது. ஓணான் வேலி மேல் சிவந்த கழுத்தோடு உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே தலையாட்டிக்கொண்டிருக்கிறது.