கூரையில்லாத ஆடி

மணல்பாளையத்துக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். ஒருவர் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்ததோ, அதை ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் செய்து முடிப்பார்கள். இது நல்ல குணம்தான் என்று நானும் ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். ரத்தினகிரியும் பரிமளாவும் ஆடி மாதத்தைக் கழித்த விதத்தைப் பார்த்த பிறகு எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

ரத்தினகிரிக்குத் தறிக்குடோனில் வேலை. வைகாசியில் கல்யாணம். பெண்டாட்டி மேல் அவனுக்கு உயிர். அவளுக்கும் அப்படித்தான். காலையில் அவன் வேலைக்குக் கிளம்பினால் அவள் வாசலில் நின்று தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய், தினமும் ஒரே மின்கம்பத்தில் முட்டிக்கொள்வான்.

தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது அவன் வேலை. அவன் கிழிப்பான். அவள் பக்கத்தில் நின்று ராசிபலன் படிப்பாள். கிழித்த தாளை ஜன்னல் கம்பியில் குத்தி வைப்பார்கள், என்றைக்காவது வேண்டியிருக்கும் என்று.

ஆனி மாதக் கடைசி நாளன்று பரிமளாவின் அம்மா ராமாத்தாள் வந்தாள்.

"கண்ணு, நாளைக்கு ஆடி பொறக்குது. உன்னைய இப்பவே கூட்டிட்டுப் போகோணும். ஆனா நம்மூட்டுல ஓடு மாத்தறாங்க, படுக்க எடமில்ல. பதினெட்டாம் நாள் சீரோட வந்து கூட்டிக்கிறேன். அதுவரைக்கும் மாப்பிள்ளையும் நீயும் ஒரே கூரைக்குள்ள இருக்கக்கூடாது, பாத்துக்க."

"மீறிட்டா என்னங்கம்மா?"

"மீறினீங்கன்னு தெரிஞ்சா, கூட்டிட்டுப் போயித் தையிலதான் திருப்பி அனுப்புவேன்."

ஆறு மாதம்! பரிமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ரத்தினகிரி சோற்றைப் பிசைந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். பதினெட்டாம் நாள் பிரிவதே பெரிய கொடுமை. தை வரைக்கும் என்றால் அவன் அந்த மின்கம்பத்தில் எதற்காக முட்டுவது?

அன்று சாயங்காலமே யோசனை கேட்கப் போனான். ஊரில் யோசனைக்கு மாகாளியை விட்டால் ஆள் கிடையாது. மாகாளி காலேஜுக்கே போனவன். கேண்டீனுக்குப் பால் ஊற்ற ரெண்டு வருஷம் போனான். அவனுடன் சைக்கிள் கடை குழந்தைவேலுவும் இருந்தான்.

"உங்க மாமியா சரியா என்ன வார்த்தை சொன்னாங்க?" என்றான் மாகாளி.

"ஒரே கூரைக்குள்ள இருக்கக்கூடாதுன்னாங்க."

"கூரைதான தப்பு? கூரை இல்லாத எடத்துல எத்தனை நேரம் வேணா இருக்கலாமில்ல?"

ரத்தினகிரி முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அப்படீன்னா ஊட்டு ஓட்டைப் பிரிச்சுப் போட்டா?" என்றான் குழந்தைவேலு.

"வாடகை வீடு. கூரைக்கும் சேர்த்துத்தான் வாடகை வாங்கறாரு" என்றான் ரத்தினகிரி.

ஆக, ராத்திரி அவன் குழந்தைவேலு கடையில் படுத்துக்கொள்வது, பகலில் இருவரும் வானத்துக்குக் கீழே சந்திப்பது என்று முடிவாயிற்று.

ஆடி பிறந்தது. விடியற்காலையில் பரிமளா தனியாக எழுந்தாள். அவர் இல்லையே, தாள் கிழிக்காமல் விட்டால் நாள் நின்றுபோகுமே என்று கவலைப்பட்டு, தானே ஒரு தாளைக் கிழித்துக் கம்பியில் குத்தினாள். பிறகு அவன் குளிக்க வந்தான். அவன் உள்ளே நுழைய, அவள் தெருவில் போய் நின்றாள். அவன் குளித்துவிட்டு வந்து, வழக்கம்போலத் தன் கடமையாக ஒரு தாளைக் கிழித்துக் கம்பியில் குத்தினான். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே. ஆகவே ஒருவர் கிழிப்பதை மற்றவர் பார்க்க வழியில்லை.

சாப்பாடு ஜன்னல் வழியாக வந்தது. அவன் தெருவில் உட்கார்ந்து சாப்பிட்டான். இரண்டாம் நாள் சாரல் அடித்தது.

"புள்ள, சாம்பார்ல தண்ணி சேந்துருச்சு."

"ரசம்னு நெனச்சுச் சாப்பிடுங்க மாமா."

நினைத்துச் சாப்பிட்டான். நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் நகராட்சிப் பூங்காவுக்குப் போனார்கள். டிக்கெட் கிடையாது. அதனாலேயே அந்தப் பூங்கா அவர்களுக்குப் பிடிக்கும். வேப்பமரத்தடி பெஞ்சில் பரிமளா உட்காரப் போனாள். பின்னாலேயே வந்திருந்த மாகாளி கை காட்டித் தடுத்தான்.

"மரம் கூரையில்லீங்களேண்ணா?" என்றாள் அவள்.

"அம்மிணி, தென்னங்கீத்துக் கொட்டகையைக் கூரைங்கறமா இல்லையா? அது எதுல செஞ்சது?"

"எலையில."

"இது என்ன?"

"எலை."

"பின்னே?"

இருவரும் வெயில் காய்கிற பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்கள். நிழலில் மாகாளி மட்டும் உட்கார்ந்தான். அவனுக்குத்தான் ஆடி கிடையாதே, கல்யாணமே ஆகவில்லை.

மறுநாள் அணைக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டார்கள். பஸ்ஸுக்குக் கூரை இருக்கிறது. அதனால் முதல் பஸ்ஸில் அவள், அடுத்த பஸ்ஸில் அவன். அவள் போய் இறங்கி அரை மணி நேரம் காத்துப் பார்த்தாள். தனியாக நிற்கப் பயமாக இருந்ததால் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பாதி வழியில் இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே வந்தன. ஜன்னல் வழியாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கையாட்டினார்கள். அவன் அணைக்குப் போய், அவள் இல்லாததைப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலம் மிளகாய் பஜ்ஜியுடன் திரும்பினான். பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. தெருவில் நின்று தின்றார்கள்.

"இன்னைக்கு நல்லாப் பாத்தமில்ல?" என்றாள் அவள்.

"கையாட்டறப்ப நீ போட்டிருந்த வளையல் நல்லாருந்துச்சு" என்றான் அவன்.

பிறகு சினிமா. ஒரே டிக்கெட். இடைவேளை வரை அவன் பார்த்தான். வெளியே வந்து டிக்கெட்டைக் கொடுக்க, மீதியை அவள் பார்த்தாள். முதல் பாதியில் கதாநாயகனின் அண்ணன் செத்துப்போனான். இரண்டாம் பாதியில் எல்லோரும் அவனுக்காக அழுதார்கள். யாருக்காக என்று தெரியாமலேயே பரிமளாவும் சேர்ந்து அழுதாள். வீடு திரும்பும் வழியில் ரத்தினகிரி முதல் பாதியைச் சொன்னான். அவள், "ஐயோ, அவரா போயிட்டாரு!" என்று மின்கம்பத்தடியில் நின்று இன்னொரு முறை அழுதாள். அரை டிக்கெட் காசுக்கு இரண்டு அழுகை. இருவருக்கும் பரம திருப்தி.

இப்படியே எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் காலை ரத்தினகிரி குளித்துவிட்டுத் தாளைக் கிழித்தான். அடுத்த நிமிஷம் ஈரத் தலையோடு தெருவுக்கு ஓடி வந்தான்.

"புள்ள! இன்னைக்குப் பதினெட்டு!"

"நான் வெடியால பாத்தப்பப் பதினேழா இருந்துச்சே?"

"நீ சீக்கிரமா எந்திரிச்சுட்ட. அப்ப பதினேழாத்தான் இருக்கும்."

அவளுக்கு நியாயமாகப் பட்டது. அம்மா வந்து கூட்டிப் போகும் நாள்தான். இருந்தாலும் ஆடிப்பெருக்கை விட முடியுமா? புளிசாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு காவிரிக் கரைக்கு நடந்தார்கள். வழியில் தறிக்குடோன் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. காலண்டரிலோ ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருந்தது.

"நாயித்துக்கெழமைகூடத் தறி ஓட்டறாரு. எங்க மொதலாளிக்கு அத்தனை ஆசை" என்றான் ரத்தினகிரி.

ஆற்றங்கரையில் ஒரு ஈ காக்காய் இல்லை. ஒருவர் மட்டும் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க மாமா, ஊரே பெருக்கை மறந்துருச்சு?"

"எல்லாத்துக்கும் வேலை வேலைன்னு ஓட்டம். நாமளாவது நெனப்பு வச்சிருந்தமே."

எருமைக்காரருக்கும் ஒரு உருண்டை புளிசாதம் கொடுத்து, "பெருக்கு நல்லபடியா ஆகட்டுங்க" என்றார்கள். அவர் சாதத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு மறுபடி எருமையைக் கழுவப் போனார். சாயங்காலம் வரை காத்திருந்தும் ராமாத்தாள் வரவில்லை. அம்மாவும் மறந்துவிட்டாள் என்று தெரிந்ததும் பரிமளாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மீதி ஆடியும் அவரோடு வெயிலில் உட்காரலாம்!

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கையில் ஒரே குடை. அதை விரிக்கும்போது ரத்தினகிரிக்கு மாகாளி ஞாபகம் வந்தது.

"குடையும் கூரைதான் புள்ள. காம்பு வச்ச கூரை."

மடக்கினான். இருவரும் சொட்டச் சொட்ட நடந்தார்கள். குடை நனையக்கூடாதே என்று அவள் அதை முந்தானையில் சுற்றி எடுத்துவந்தாள்.

பதினாறாம் நாள் காலையில் அவள் கிழித்தபோது ஆடி முப்பத்தொன்று. அவன் கிழித்தபோது ஆவணி ஒன்று. ரத்தினகிரி தலையணையோடு வீட்டுக்குள் வந்து, வலது காலை எடுத்துவைத்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து மேலே ஓட்டைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கூரை அவ்வளவு அழகாக இருக்கும் என்று இருவருக்கும் அதுவரை தெரியாது. அன்றிலிருந்து பழையபடி அவன் ஒரு தாள் கிழித்தான், அவள் ராசிபலன் படித்தாள்.

ஆவணி மூன்றாம் தேதி காலை பதினோரு மணிக்கு, சீர்த்தட்டோடு ராமாத்தாள் வந்து நின்றாள். மகளும் மருமகனும் ஒரே தட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள்.

தட்டு கையிலிருந்து நழுவாமல் இருந்ததே பெரிய விஷயம்.

"அடிப் பாவி! ஆடிப் பதினெட்டும் அதுவுமா ஒரே கூரைக்குள்ளயா?"

"பதினெட்டு போன வாரமே முடிஞ்சுதுங்க அத்தை. நாங்க ஆத்துக்குப் போயிட்டு வந்தோம். காலண்டரப் பாருங்க."

"பஸ்ஸுல நிக்க எடமில்லாம ஊரே ஆத்துக்குப் போயிட்டிருக்குது!"

சத்தம் கேட்டு மாகாளியும் குழந்தைவேலுவும் வந்தார்கள். மாகாளி காலண்டரை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான்.

"இதைத் தெனமும் கிழிக்கறது யாரு?"

"நான்" என்றான் ரத்தினகிரி. "நான்" என்றாள் பரிமளா. சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாகாளி விரல் விட்டு எண்ணினான். விரல் போதாமல் குழந்தைவேலுவின் விரல்களையும் வாங்கிக்கொண்டான். "ரெண்டு பேரும் சேர்ந்து ஆடியைப் பதினாறு நாள்ல முடிச்சுப் போட்டீங்க" என்றான். அவன் குரலில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது.

ராமாத்தாளிடம் மரியாதை எதுவும் இல்லை. நேராக உள்ளே போய் மகளின் சேலைகளை எடுத்துப் பையில் திணித்தாள். "தையிலதான் இனி. பேச்சே கெடையாது."

பரிமளா விம்மி விம்மி அழுதாள். இந்த முறை யாருக்காக அழுகிறோம் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. ரத்தினகிரி பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டான். மறு காது மாமியார் கையில். விட மனசில்லை, இழுக்கத் தைரியமில்லை. அப்படியே நின்றான்.

"ஆத்தா, ஒரு நிமிசம்" என்றான் மாகாளி. அவன் பார்வை ஜன்னல் கம்பியில் இருந்தது. "தாளைக் கிழிச்சதாலதான ஆவணி வந்துச்சு?"

"ஆமா."

"அப்ப ஒட்டினா ஆடி வந்துருமில்ல?"

"வந்தா? ஆடிலதான் தப்பு பண்ணிருக்காங்க."

"இன்னும் கொஞ்சம் ஒட்டினா ஆனி வந்துரும். ஆனியில ஒரே கூரைக்குள்ள இருக்கலாமுங்களா?"

ராமாத்தாள் யோசித்தாள். அவளும் பிறந்தது மணல்பாளையத்தில்தான். "ஆனியில தாராளமா இருக்கலாம்" என்றாள்.

பழைய சோற்றைப் பிசைந்து நான்கு பேரும் ஒட்ட உட்கார்ந்தார்கள். குழந்தைவேலு பஞ்சர் ஒட்டுகிறவன், கை சுத்தம். ஒவ்வொரு தாளுக்கும் ஓரம் நடு பார்க்காமல் முழுக்கப் பருக்கை தடவி, அழுத்தித் தேய்த்து ஒட்டினான். முப்பத்து நாலு தாள். கடைசித் தாள் மேலே ஏறியதும் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆனி மாதக் கடைசித் தேதி.

ராமாத்தாள் சேலைகளைத் திரும்ப மடித்து அலமாரியில் வைத்தாள். மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு சீர்த்தட்டைப் பார்த்துத் திகைத்தாள்.

"ஆடியே இன்னும் பொறக்கல. நான் எதுக்கு இன்னைக்கு வந்தேன்?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்திருப்பீங்க" என்றான் ரத்தினகிரி.

"இருக்கும். நாளைக்கு ஆடி. ஞாபகம் இருக்குதில்ல? ஒரே கூரைக்குள்ள இருக்கக்கூடாது. பதினெட்டாம் நாள் வர்றேன்" என்று சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் புளிசாதத் தூக்குகளோடு நின்றவர்களைப் பார்த்து, "ஆனியிலயே பெருக்குக்குக் கெளம்பிட்டீங்களே" என்று வழியெல்லாம் பரிதாபப்பட்டாளாம்.

மறுநாள் விடிவதற்குள் ரத்தினகிரி தலையணையை எடுத்துக்கொண்டு தெருவில் போய் நின்றான். இன்னொரு ஆடி முழுக்க வெயில் பெஞ்சு, அரை சினிமா, தண்ணி சாம்பார். இருந்தாலும் தை வரைக்கும் பிரிவதற்கு இது எவ்வளவோ மேல் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

உள்ளே பரிமளா சாமி கும்பிட்டுவிட்டு ஆடி ஒன்றாம் தேதிக்காகத் தாளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ராத்திரி முழுக்கச் சோற்றுப் பசை நன்றாகக் காய்ந்திருந்தது. இரண்டு கையாலும் பலமாக இழுத்தாள். முப்பத்து நாலு தாளும் ஒரே அட்டையாகக் கையோடு வந்தன. கீழே ஆவணி மூன்று.

அட்டையைக் கம்பியில் குத்தப் பார்த்தாள், இறங்கவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மாமா, உள்ள வாங்க. ஆடி முடிஞ்சுருச்சு."

"என்ன புள்ள, இப்பத்தான பொறந்துச்சு?"

"நானே கண்ணால பாத்தேன். முடிஞ்சுருச்சு."

ரத்தினகிரி தலையணையோடு படியேறினான். வாசலில் ஒரு கணம் நின்றான். முகத்தில் கவலை.

"பதினெட்டுக்கு அத்தை வந்தா என்ன சொல்றது?"

பரிமளா கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த வருசம் ஆடிக்குப் பதினெட்டே வரலைன்னு சொல்லிருவோம்."