நாற்பது நாள் குழி

“அம்மா, ஜபத்துல மனசு நிக்க மாட்டேங்குது” என்றார் தணிகாசலம். “கண்ணை மூடினா அந்தக் குழிதான் தெரியுது.”

அவருக்கு வயது அறுபத்து மூன்று. தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குருவாக ஏற்றுக்கொண்ட வேதாம்பாளுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு.

சைக்கிள் கடை மாடியில் ஒரு அறை. ஒரு விளக்கு, நாலு பாய். அவ்வளவுதான் அந்த அம்மாவின் மடம்.

“எந்தக் குழி?”

“நம்ம தெரு முனையில இருக்கே, அதுதான். என் வீட்டுக்காரி வண்டியோட விழுந்து கை முறிஞ்ச குழி. நாற்பது நாளாச்சு. ஒன்பது மனு கொடுத்துட்டேன். இன்னிக்குத்தான் இன்ஜினியர் நேர்ல பார்க்க வர்றார். நாலு மணிக்கு.”

“வரட்டுமே. நல்லதுதானே?”

“என்னம்மா நல்லது? மத்தியானம் மழை கொட்டித் தீர்த்துடுச்சு. பங்குனியில இந்த மழையை யார் கேட்டா? குழி நிரம்பிக் கிடக்கு. பார்த்தா சும்மா தேங்கின தண்ணி மாதிரி இருக்கு. ‘இதுக்கா பெரியவரே ஒன்பது மனு?’ன்னு கேட்டுட்டுப் போயிடுவார்.”

வேதாம்பாள் ஜன்னலைப் பார்த்தார். கீழே வண்டிச் சத்தம் கூடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம்.

“அதுல ஒரு வேப்பங்கொம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி வச்சிருந்தாங்களே?”

தணிகாசலம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

“பிடுங்கிப் போட்டுட்டேன்மா. அது இருந்தா, ‘தக்க எச்சரிக்கை வைக்கப்பட்டுள்ளது, அவசரமில்லை’ன்னு எழுதி ஃபைலை மூடிடுவாங்க. இருபத்தெட்டு வருஷம் அப்படி எழுதினவன் நான். எனக்குத் தெரியாதா?”

“எப்பப் பிடுங்கினீங்க?”

“இப்பதான், வர்ற வழியில. பத்து நிமிஷம் இருக்கும்.”

வேதாம்பாள் எழுந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. படியில் ஓடினார்.

அவர் ஓடித் தணிகாசலம் பார்த்ததே இல்லை.

தெரு முனையில் தண்ணீர் பளபளவென்று கிடந்தது. எங்கே ரோடு, எங்கே குழி, ஒன்றும் தெரியவில்லை.

ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒன்று. நேரே அந்தத் தண்ணீரைப் பார்த்து.

வேதாம்பாள் புடவையோடு குழிக்குள் இறங்கி, இரண்டு கையையும் தூக்கினார்.

ஸ்கூட்டர் கிறீச்சென்று நின்றது.

“ஏங்க! விழுந்து சாக என் வண்டிதான் கிடைச்சுதா?”

“கொஞ்சம் ஒதுங்கிப் போம்மா” என்றார் வேதாம்பாள்.

தண்ணீர் அவர் முழங்காலுக்கு மேலே நின்றது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். முன்னால் நின்ற குழந்தையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காலை ஊன்றி ஊன்றிக் குழியைச் சுற்றி வண்டியைக் கொண்டு போனாள்.

தணிகாசலம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“அம்மா, மேல வாங்க! பின்னாடி தண்ணி லாரி வருது!”

“வரட்டும்.”

“இடிச்சுடுவான்மா!”

“ஆமா.”

அவர் நகரவில்லை.

லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான்.

தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டினார். குழிக்குள் குதித்தார். வேதாம்பாளுக்கு முதுகைக் காட்டி நின்று, தோள் துண்டை உருவி வீசினார்.

லாரி ஒடித்துத் திரும்பியது. சேறு அவர் முகத்தில் அடித்தது.

“பெருசு, குளிக்க ஆறு குளம் கிடைக்கலையா?” என்று கத்திவிட்டுப் போனான் லாரிக்காரன்.

தணிகாசலம் ஒரு பக்கம் பார்த்துத் துண்டை வீசினார். வேதாம்பாள் மறுபக்கம் பார்த்துக் கையைக் காட்டினார். சைக்கிள்கள், ஆட்டோக்கள், பள்ளிக்கூட வேன். ஒவ்வொன்றாக ஒதுங்கிப் போயின.

ஒரு ஜீப் ஓரமாக வந்து நின்றது. கையில் ஃபைலோடு ஒருவர் இறங்கினார்.

“இங்க தணிகாசலம்ங்கிறது யாருங்க? மனு போட்டவர்?”

தணிகாசலம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் இருங்க சார். புள்ளைங்க வருது.”